பந்து காலில் இல்லாத நேரத்தையும் பாருங்கள்: டர்பன் வட்டாரத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கும் இளையோர் அணிகளின் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

13, 15, 17 வயதுக்கு உட்பட்டோருக்கான வட்டாரக் கால்பந்து அணிகளை அடுத்த பருவத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், இசிபிங்கோ மைதானங்களில் வாரந்தோறும் ஆட்டம் பார்க்கும் ரசிகர்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒரு நாள் ட்ரயலில், அதாவது தேர்வு ஆட்டத்தில், கண்ணைப் பறித்த பையனை எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பல முறை பாருங்கள். பார்த்ததைப் பதிவு செய்து, அதை வைத்து முடிவெடுங்கள்.

இப்போது பல இடங்களில் நடப்பது இது: காலையில் ஐம்பது அறுபது பையன்கள் வருகிறார்கள். 11 பேருக்கு 11 பேர் என்று நிறுத்தி, 20 நிமிடம் ஆடவிட்டு, அடுத்த கூட்டத்தை இறக்குகிறார்கள். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரனின் காலில் பந்து இருப்பது மொத்தமாக இரண்டு, மூன்று நிமிடம்தான். அப்படியானால் 20 நிமிட ட்ரயலில் ஒரு பையனுக்குக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் நாற்பது விநாடி. இது பையன்களுக்கும் தெரியும். அதனால் பந்து கிடைத்தவன் விடுவதில்லை. மூன்று பேரைத் தாண்டப் பார்க்கிறான், 30 மீட்டரிலிருந்து அடிக்கிறான். ஒரே தொடுதலில் சரியான ஆளுக்குப் பாஸ் கொடுத்துவிட்டு இடம் மாறும் பையன் யார் கண்ணிலும் படுவதில்லை. சரியான இடத்தில் நின்றதாலேயே எதிரணி அந்தப் பக்கம் வராதபடி செய்த டிஃபெண்டருக்கு மதிப்பெண்ணே இல்லை. கோல்கீப்பருக்கு அந்த 20 நிமிடத்தில் ஒரு ஷாட்கூட வராமல் போகலாம். இந்த அமைப்பு வைத்திருக்கும்வரை எவ்வளவு அனுபவசாலி ஓரத்தில் நின்றாலும் தவறான பையன்தான் மேலே வருவான்.

இதற்கு மாற்று எளிது, செலவும் இல்லை. 16 பையன்களை ஒரு கூட்டமாக எடுங்கள். 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் இரண்டு சிறு களங்களைக் கோன் வைத்துக் குறியுங்கள். முழு மைதானத்தின் ஒரு பாதிக்குள் இரண்டும் அடங்கும். ஒவ்வொன்றிலும் 4 பேருக்கு 4 பேர். கோல்கீப்பர் வேண்டாம், 2 மீட்டர் அகலச் சிறு கோல் போதும். ஆட்டம் 5 நிமிடம், இடையே ஓய்வு 3 நிமிடம், மொத்தம் 6 சுற்று. 45 நிமிடத்தில் ஒரு கூட்டம் முடிந்துவிடும். 48 பையன்கள் என்றால் மூன்று கூட்டம், இரண்டேகால் மணி நேரம்.

இதில் முக்கியமான வேலை ஒவ்வொரு சுற்றுக்கும் அணிகளைக் கலைத்துப் புதிதாகச் சேர்ப்பது. அணி வென்றால் நால்வருக்கும் தலா 4 புள்ளி, சமநிலைக்கு 2, தோல்விக்கு ஒன்றும் இல்லை, அணி போட்ட ஒவ்வொரு கோலுக்கும் தலா 1. யாரோடு சேர்த்தாலும் அவன் இருக்கும் அணி வெல்கிறது என்ற பையன் ஆறாவது சுற்றுக்குள் பட்டியலில் மேலே வந்துவிடுவான், ஒரு கோல்கூட அவன் போட்டிருக்காவிட்டாலும். ஆய்வாளர்கள் இந்த முறையைச் சோதித்தபோது, இப்படிக் கிடைத்த புள்ளிகளும் தேர்ந்த பயிற்சியாளர்களின் மதிப்பீடும் பெருமளவு ஒத்துப்போயின.

இது கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. சுற்று வாரியான அணிப் பட்டியலை முதல் நாளே எழுதி வைக்காவிட்டால், ஓய்வு 3 நிமிடம் 8 நிமிடமாக நீண்டு, கடைசிக் கூட்டம் உச்சி வெயிலில் ஆடும். ஒவ்வொரு களத்தின் ஓரத்திலும் நான்கு பந்து கூடுதலாக வேண்டும். ஒரே பந்தை வைத்து நடத்தினால், அது வேலிக்கு வெளியே போய்வரும் நேரத்தில் 5 நிமிட ஆட்டத்தில் ஒன்றரை நிமிடம் கரைந்துவிடும். இன்னொன்று, ஆறு சுற்று என்பது சிறிய கணக்கு, அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஆகவே புள்ளிகளை வைத்து முதல் ஆளையும் இரண்டாவது ஆளையும் பிரிக்காதீர்கள். மேல் பாதியைப் பிரித்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். நீளப் பாஸ், ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் கிராஸ், உயரப் பந்தைத் தலையால் முட்டுவது போன்றவை நால்வர் ஆட்டத்தில் தெரியாது. அதற்காகத்தான் அடுத்த வாரம் 22 முதல் 26 பேரை மட்டும் அழைத்து முழு மைதானத்தில் ஆடவிட வேண்டும்.

அடுத்தது வயது. இளையோர் பிரிவுகளுக்கு ஜனவரி 1 எல்லை. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வயதில் அந்தப் பதினொரு மாதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தேர்வாகும் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் நிறைந்திருப்பது உலகம் முழுக்கப் பதிவான உண்மை. நீங்கள் கடைசியாக எடுத்த அணிகளின் பிறந்த மாதங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், வீரர்களைத் தேடும் பணியில் இருப்பவர்களிடம் பையன்களின் பிறந்த தேதிப் பட்டியலைக் கொடுத்தார்கள். மூத்த பையன்கள் பக்கம் அவர்களுக்கு இருந்த சாய்வு மாறவில்லை. ஜெர்சி எண்களையே வயது வரிசையில் கொடுத்தபோதுதான் அந்தச் சாய்வு மறைந்தது. நீங்களும் அதையே செய்யலாம். பதிவு மேசையில் பிறந்த தேதி வாரியாக அடுக்கி, மூத்தவனுக்கு 1, அடுத்தவனுக்கு 2 என்று எண் போட்ட மேல்சட்டை (பிப்) கொடுங்கள். 3ஆம் எண் 44ஆம் எண்ணைத் தோளால் தள்ளிப் பந்தைப் பறித்தால், நீங்கள் பார்த்தது திறமையா, பத்து மாதமா என்று அப்போதே கேட்டுக்கொள்வீர்கள்.

பிறந்த தேதி மட்டும் போதாது. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக பதின்மூன்றரை, பதினான்கு வயது. சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும், சிலருக்குப் பதினைந்து தாண்டும். உச்சக் காலத்தில் ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். கால் நீண்டுவிடும், அந்தக் காலை ஆளும் பழக்கம் பின்தங்கும். முதல் தொடுதல் கெடும், திரும்புவது மெதுவாகும், முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி வரும். "போன வருஷம் நல்லா ஆடினான், இப்போ மந்தமாயிட்டான்" என்று வெட்டப்படும் பையன்களில் பலர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலணி இல்லாமல், காலை நேரத்தில், ஒரே அளவுகோலில் உயரம் எடுங்கள். மூன்று மாதத்தில் இரண்டரை சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அவன் பெயருக்கு நேராக ஒரு குறி போடுங்கள். அந்தக் குறி உள்ளவனை நீக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். முன்கூட்டியே வளர்ந்த பையனிடம் வேறு கேள்வி கேட்க வேண்டும்: உடலைப் பயன்படுத்த முடியாத இடத்தில் இவன் என்ன செய்கிறான்? பதினேழு வயதில் மற்றவர்களும் எட்டிவிடும்போது அவனிடம் மிஞ்சப்போவது அதுதான்.

இனி, முழு மைதான ஆட்டத்தில் எதைப் பார்ப்பது. ஒருவர் ஒரு பையனை மட்டும் 5 நிமிடம் பார்க்க வேண்டும், பந்தைப் பார்க்கவே கூடாது. முதலில் கடினமாக இருக்கும். ஆனால் இந்த ஒரு பழக்கம் உங்கள் தேர்வை மாற்றிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

மிட்ஃபீல்டரிடம் பந்து வருவதற்கு முந்தைய 10 விநாடியில் எத்தனை முறை தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். நார்வேயின் கெய்ர் யோர்டெட் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அதிகமாகச் சுற்றிப் பார்ப்பவர்களே முன்னோக்கிச் சரியாகப் பாஸ் கொடுக்கிறார்கள் என்பதே அவர் கண்டது. ஒரு தடவையும் பார்க்காதவன் பந்தை வாங்கி, வந்த திசைக்கே திருப்பிக் கொடுப்பான். பந்தை இழந்த அடுத்த 5 விநாடியில் அவன் கால்கள் என்ன செய்கின்றன என்பதையும் குறியுங்கள். நின்றுகொண்டு கையை விரிப்பவனுக்கும் உடனே திரும்பி ஓடுபவனுக்கும் ஒரே மதிப்பெண் கூடாது.

டிஃபெண்டருக்கு டேக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடுவது பெரிய தவறு. தரையில் சறுக்கிப் பந்தை எடுப்பதைக் கூட்டம் கைதட்டி ரசிக்கும். பல நேரம் அது அவன் இரண்டு விநாடி தாமதமாக அங்கே வந்ததற்கான சான்று. உடலைப் பாருங்கள்: பந்தையும் ஆளையும் ஒரே பார்வையில் காணும்படி பக்கவாட்டில் நிற்கிறானா, இல்லை நேருக்கு நேர் நின்று, பின்னால் பந்து போனதும் முழுதாகச் சுழல வேண்டியிருக்கிறதா? எதிர்ப்பக்கத்தில் பந்து இருக்கும்போது ஓரத்து டிஃபெண்டர் உள்ளே நெருங்கி வருகிறானா? இடது காலால் இயல்பாக ஆடுபவர்கள் எப்போதும் குறைவு. பதிவுத் தாளிலேயே அதைக் கேட்டு, ஓடிக்கொண்டே இடது காலால் ஐந்து கிராஸ் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்டிரைக்கருக்கு கோல் எண்ணிக்கை ஓரளவுக்குத்தான் சொல்லும். பெரியவர்கள் ஆட்டங்களில் சராசரியாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல். பெனால்டியில் நான்கில் மூன்று உள்ளே போகிறது. பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அடித்தால் நூற்றுக்கு மூன்று, நான்கு. ஆகவே ஒரு ட்ரயலில் தூரத்திலிருந்து ஒன்று போட்டவனை விட, கோல் போடாமலேயே கோலுக்கு முன்னால், நடுவில், ஆறு முறை ஷாட் அடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவன் மேலானவன். எங்கிருந்து அடித்தான் என்பதை மைதானப் படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். படம் தானே பேசும்.

கோல்கீப்பர்களைத் தனியாக, 40 நிமிடம்: 16 மீட்டரிலிருந்து 10 ஷாட், இருபுறமும் மும்மூன்றாக 6 கிராஸ், எதிரே ஓடிவரும் ஒருவரோடு 6 முறை, கையாலும் காலாலும் 10 பந்து எடுத்துக் கொடுப்பது. பிடித்தாரா என்பதோடு, தட்டிய பந்து எங்கே போனது என்பதையும் எழுதுங்கள். நடுவில் தட்டிவிடுபவர் எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்கிறார்.

ஓட்டச் சோதனைக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 10 மீட்டர், 30 மீட்டர் வேகமும், 20 மீட்டர் போய்வந்து 10 விநாடி ஓய்வெடுக்கும் யோ-யோ சோதனையும் போதும். இவை சேர்க்க உதவுபவை, நீக்க உதவுபவை அல்ல. ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கும் முகாமுக்கு நம் பையன்களை அனுப்பும்போது அங்குள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். டர்பனிலிருந்து போன பையன் முதல் சில நாட்கள் மூச்சு வாங்குவான், நீளப் பாஸும் அவன் கணக்கைத் தாண்டிப் போகும். வந்திறங்கிய நாளில் அவனை அளப்பது நியாயம் அல்ல.

மதிப்பெண் போடுபவர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பையனுக்கு இருவர், தனித்தனியாக, 1 முதல் 5 வரை. 1 என்றால் என்ன, 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று தாளிலேயே ஒரு வரி இருக்கட்டும். தாளைக் கொடுக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. மூத்தவர் "அந்தப் பையன் பரவாயில்லை" என்று சொன்ன கணத்தில் இளையவரின் 2 மதிப்பெண் 4 ஆகிவிடும். இருவருக்கும் இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூட்டி வகுக்காதீர்கள், மூன்றாமவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கிளப் பையனுக்கு யாரும் மதிப்பெண் போடக் கூடாது. யாருடைய அண்ணன் மகன், எந்த மாமாவின் கிளப் என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. உண்மையோ பொய்யோ, இந்த ஒரு விதி அதற்கு முற்றுப்புள்ளி வைக்கும்.

ட்ரயலோடு நிற்காமல் லீக் ஆட்டத்தில் ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று முறை பாருங்கள், அதில் ஒன்று வலுவான அணிக்கு எதிராக இருக்கட்டும். எண்ணிக்கைகளை ஆடிய நிமிடத்தால் வகுத்து ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் 30 நிமிடத்தில் இரண்டு கோல் போட்டவனுக்கு "90 நிமிடத்துக்கு ஆறு" என்று கணக்கு வரும். அதை நம்பக் கூடாது. 450 நிமிடம் ஆடியிராதவனின் சராசரிக்கு எடை தராதீர்கள். ஆடும் நிமிடம் கிடைக்காத பையனை உட்கார வைத்தே மதிப்பிடவும் வேண்டாம். மமெலோடி சண்டவுன்ஸ் கிளப் 2015–16இல் பெர்சி டாவை விட்பாங்க் ஸ்பர்ஸுக்கு இரவலாக அனுப்பியது. அங்கே ஆடித் திரும்பியவர் 2017–18இல் நம் லீகின் சிறந்த வீரரானார்.

தனித்தனியாக நல்லவர்களை அடுக்கினால் அணி ஆகிவிடாது. சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் கிளப், நாட்டின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தை 1996–97இல் வென்றபோது, நாட்டின் பெரிய கிளப்புகளின் பணமோ பெயரோ அதனிடம் இல்லை. அதன் பயிற்சியாளர் கோர்டன் இகசுண்ட் பிறகு பைரட்ஸ், சாண்டோஸ், சண்டவுன்ஸ் என்று வேறு மூன்று கிளப்புகளோடும் பட்டம் வென்றார். எந்த வேலைக்கு எந்த ஆள் என்று பொருத்தத் தெரிந்தவருக்குத்தான் நான்கு இடத்திலும் அது நடக்கும். 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த, பயிற்சியாளர் ஹ்யூகோ புரூஸின் தென்னாப்பிரிக்க அணியில் களமிறங்கிய பதினொருவரில் பெரும்பாலோர் சண்டவுன்ஸ் என்ற ஒரே கிளப்காரர்கள். பலர் அதைக் குறை சொன்னார்கள். குறுகிய பயிற்சிக் காலமே உள்ள அணிக்கு அது சரியான முடிவு என்பதே எங்கள் கருத்து. வட்டார அணிக்கும் பயிற்சி நாட்கள் குறைவு. நடு டிஃபெண்டர்கள் இருவரையும் முடிந்தால் ஒரே கிளப்பிலிருந்து எடுங்கள். தனியாகச் சற்றுக் குறைந்தவனாக இருந்தாலும் பரவாயில்லை.

மாற்று வீரர்கள் மிச்சம் மீதி அல்ல. 1996 பிப்ரவரி 3 அன்று துனீசியாவுக்கு எதிரான ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் நம் நாட்டு அணியின் பயிற்சியாளர் கிளைவ் பார்க்கர் 65ஆவது நிமிட அளவில் ஃபில் மசிங்காவுக்குப் பதில் மார்க் வில்லியம்ஸை இறக்கினார். 73, 75ஆவது நிமிடங்களில் வில்லியம்ஸ் இரண்டு கோல் போட்டார், கோப்பை நம்முடையது. 18 பேரில் கடைசி ஏழு பேரை எடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை எழுதுங்கள்: பின்தங்கினால் இறங்குபவன், முன்னிலையைக் காக்க இறங்குபவன், மஞ்சள் அட்டை வாங்கிய டிஃபெண்டருக்குப் பதில் வருபவன். வேலை எழுத முடியாவிட்டால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கக் கூடாது.

கடைசியாக, காகித வேலை. இதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் நம் நாட்டு அணி இதில்தான் இருமுறை அடிபட்டது. 2011 அக்டோபரில் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில், எம்பொம்பேலாவில் சியரா லியோனுடன் சமநிலை போதும் என்ற நினைப்பில் 0–0 ஆடி, முடிந்ததும் கொண்டாடினார்கள். மூன்று அணிகள் 9 புள்ளியில் நின்றால் மொத்த கோல் வித்தியாசத்துக்கு முன் அவற்றுக்குள் நடந்த ஆட்டங்களே கணக்கு என்பது போட்டி விதி. அதனால் நைஜர் கோப்பைக்குப் போனது, நாம் போகவில்லை. 2025 மார்ச் 21 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் லெசோதோவை 2–0 என்று வென்ற ஆட்டத்தில், இரண்டு மஞ்சள் அட்டையால் தடைபட்டிருந்த டெபோஹோ மொகோயேனாவை ஆடவைத்தார்கள். ஒரு அட்டை 2023 நவம்பரில், மற்றது 2024 ஜூனில். கணக்கு தவறியது. ஃபிஃபா அந்த வெற்றியை 0–3 தோல்வியாக மாற்றியது. அக்டோபர் 14 அன்று அதே எம்பொம்பேலாவில் ருவாண்டாவை 3–0 என்று வென்று, 18 புள்ளியோடு, நைஜீரியாவையும் பெனினையும் ஒரே ஒரு புள்ளியில் முந்தி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். அந்த ஒரு புள்ளி இல்லாதிருந்தால் ஒரு தலைமுறை வீரர்களின் உழைப்பு ஒரு தாளில் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு அணிக்கும் ஓர் அட்டைப் பதிவேடு வேண்டும்: தேதி, போட்டி, வீரர், நிமிடம், அட்டையின் நிறம், எந்த ஆட்டத்தில் தடை தீர்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய மாலையில் மேலாளரும் இன்னொருவரும் தனித்தனியே சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். போட்டி தொடங்கும் முன், அணிகள் சம புள்ளியில் நின்றால் யார் முன்னே என்ற விதியைப் பயிற்சியாளர் உரக்க வாசித்து வீரர்களுக்கு விளக்கட்டும்.

ட்ரயல் தேதி குறிக்கும்போது தைப்பூசக் காவடி நாளையும், இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் திருவிழா நடக்கும் புனித வெள்ளியையும் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசியில் விரதம் இருக்கும் பையன்கள் உண்டு. அந்த மாதத்தில் ட்ரயல் வைத்தால் காலை 8 மணிக்கு வைத்து, விரதத்துக்கு ஏற்றதைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி முன்பே தெரிவியுங்கள். பிப்ரவரிப் புழுக்கத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தண்ணீர் இடைவேளை கட்டாயம்.

எதை வைத்துத் தேர்வு என்ற தாளை நான்கு வாரம் முன்பே எல்லாக் கிளப்புகளுக்கும் அனுப்புங்கள். தேர்வாகாத ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: எது நன்றாக இருந்தது, எதைச் சரிசெய்துகொண்டு எப்போது மறுபடி வர வேண்டும். மதிப்பெண் தாள்களை இரண்டு ஆண்டு பாதுகாத்து, எடுத்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள், விட்டவர்கள் எங்கே போனார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். களம் குறிக்க, எண் கொடுக்க, தாள் சேகரிக்க ஆட்கள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம். அடுத்த கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசி, எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
டர்பன் வட்டாரக் கால்பந்து ரசிகர்கள்